ஸ்டோரில் காயவைத்த கபடி மேட்

ஜூலை 18, வெள்ளி

விடியலேருந்து சாரல். மெட்டு ரோட்டுல எதிர்ல வர்ற ஜீப்பு தெரியலை. ஸ்டோர்ல பச்சை ஏலக்காய் லோடு இறங்கி, காயவைக்கத் தீ மூட்டியாச்சு.

பாக்க வேண்டிய சோலி:
– லீக் ஆபீசுக்குப் போன் (எடுக்க மாட்டானுங்க, இருந்தாலும்)
– பசங்க ஜெர்சி
– கபடி ஷெட் கூரை, ரெண்டு எடத்துல ஒழுகல்

செவ்வாய்க்கிழமை லீக்லேருந்து ரெண்டு பேர் ஷெட்டைப் பாக்க வர்றாங்க. எட்டு டீமை ஏழாக் குறைக்கப் போறாங்களாம். கூரைக்கு அடியில நல்ல மேட் இல்லாத டீம் வெளியே. எங்க மலைக் காளைகளுக்கு மேட் இருக்கு. பழசுதான், ஆனா இருக்கு. தம்பி குமரேசன் கேப்டன், நான் செயலாளர். கமிட்டியில ஒரே பொம்பளை. அதுக்கே பாதிப் பேருக்கு வயித்தெரிச்சல்.

ஜூலை 19, சனி

மழை. மத்தியானம் கஞ்சி, கருவாடு.

நெனைச்சுப் பாத்தா சிரிப்புதான் வருது. திருவிழாக் கபடியா இருந்ததுக்கு எட்டு ஊர்க்காரங்க சேர்ந்து லீக்னு பேரு வச்சோம். டீமுக்கு ஒரு ஓட்டு. எட்டும் சம்மதிச்சாத்தான் ஒரு டீமை நீக்கலாம்னு விதி. அப்புறம் டி.வி. கம்பெனி உள்ளே வந்துச்சு. பிடிச்சவன் ஒரு லீக், பிடிக்காதவன் இன்னொரு லீக். அங்க ஆடுனவன் இங்க ஆடக் கூடாதுன்னு தடை. மாமன் மச்சானுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. பிறகு ஒருவழியா சமாதானம். அதுல விதியை மாத்திட்டாங்க. இப்ப பாதிக்கு மேல கை தூக்கினாப் போதும், யாரை வேணா நீக்கலாம். சண்டை ஓஞ்சா சரின்னு எல்லாரும் கைதட்டினோம். நானுந்தான்.

ஜூலை 20, ஞாயிறு

நாசமாப் போச்சு. ராத்திரி மழையில கூரைத் தகரம் பேந்து மேட் முழுக்கத் தண்ணி. துண்டு துண்டாக் கழட்டினோம். அடியில கருப்புப் பூஞ்சை, நாத்தம். வெளிய காயப்போட வெயிலும் இல்லை.

ஸ்டோருக்குத் தூக்கிட்டு வாங்கடான்னு நான்தான் சொன்னேன்.

குமரேசன்: "அக்கா, இது என்ன காயா? ரப்பர் மாதிரி சாமான்."

"நீ டவுசர் போட்ட காலத்துலேருந்து காய் காயவைக்கிறேன்டா. எனக்குத் தெரியாத சூடா? தூக்குங்க வெரசா."

காயை ஒதுக்கிட்டு டிரேல அடுக்கியாச்சு. கதவைச் சாத்திட்டு வந்தேன். மனசுக்கு நிம்மதி. பசங்களுக்கு வரக்காப்பி போட்டுக் குடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

கதவைத் திறந்தேன். ஆத்தி!

காஞ்சிருச்சு. நல்லாவே காஞ்சிருச்சு. அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் சுருண்டு, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. துண்டுகளைக் கோக்கலாம்னா பல்லோட பல்லு மாட்ட மாட்டேங்குது. ஈரச் சாக்கு போட்டுப் பாத்தோம், மேல கல்லைத் தூக்கி வச்சுப் பாத்தோம். ஒண்ணும் நடக்கலை.

குமரேசன் என்னைப் பாக்காம வெளிய போயிட்டான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஜூலை 22, செவ்வாய்

வந்தாங்க. ஒருத்தரு வளைவுல வாந்தி எடுத்துட்டு வெளிறிப் போய் இறங்கினாரு. எலுமிச்சம்பழம் குடுத்தேன். இன்னொருத்தரு நேரா மேட்ல ஏறி, ஓரம் தடுக்கித் தடுமாறிட்டாரு.

"என்ன மேடம் இது?"

"நனைஞ்சிருச்சு சார். காயவச்சோம்."

"எங்க?"

உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். வாயில வரலை.

"ஏலக்காய் மாதிரியா?" சிரிச்சிட்டாரு. பசங்க முன்னாடி. ஒரு வாரம் டைம் கேட்டேன். "நான் பாத்ததை எழுதுவேன், முடிவு கமிட்டி கையில"ன்னு ஜீப்புல ஏறிட்டாரு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல.

ஜூலை 23, புதன்

அடிவாரம் டீம் செயலாளர் ராசு அண்ணனுக்குப் போன். "நீ கவலைப்படாத ஆத்தா. மலைக்காரன் மலைக்காரனை விட்டுருவானா?" கொஞ்சம் தெம்பு. சோறு இறங்குச்சு.

ஜூலை 24, வியாழன்

போடிக்கு இறங்கிப் போனேன். கல்யாண மண்டபத்து மாடியில கமிட்டி. கீழ வெயில், வேர்வை. ஸ்வெட்டரைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

பேசினேன். "எங்க பசங்க செம்மண்ணுல பழகியே கோப்பை வாங்கினானுங்க. தப்பு என்னோடது. ஒரே ஒரு சீசன் குடுங்க."

தலைவரு டி.வி. கம்பெனி ஆளு. குரலே உயராது. "உங்களை வச்சுக்கிட்டா அடுத்து அடிவாரம் டீமைத்தான் நீக்கணும் மேடம். அவங்க ஷெட்டும் பாதிக் கூரைதான்."

அவ்வளவுதான். கை தூக்கச் சொன்னாரு. ராசு அண்ணன் குனிஞ்ச தலை நிமிராம கையை மட்டும் தூக்கினாரு. எதிர்த்து என் கை ஒண்ணுதான்.

படியில அண்ணன் என்னைப் பிடிச்சுட்டாரு. "எனக்கும் பசங்க இருக்காங்கள்ல ஆத்தா."

"நல்லா இருங்கண்ணே."

அவரு எடத்துல நான் இருந்தா? தூக்கியிருப்பேனோ என்னவோ. இருந்தாலும் மனசு ஆறலை. கடைசி பஸ்சு. ஒரு டீ கூடக் குடிக்கலை.

ஜூலை 25, வெள்ளி

பசங்களைக் கூட்டிச் சொன்னேன். ஒருத்தன் அழுதான், மத்தவனுங்க ஜெர்சியை மடிச்சு வச்சானுங்க. மத்த டீம்காரங்க வேணுங்கிற ஆளை எடுத்துக்கலாமாம். சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி போன்ல உயரம், எடை கேக்குறானுங்க, 'ஏலக்காய் மேட் டீமா?'ன்னு சிரிப்பு வேற.

லைன் வீடுகள்ல ஆறுதல் சொல்றாங்க. "மேட் நல்லா இருந்தாலும் வேற ஏதாச்சும் சொல்லித் தூக்கியிருப்பானுங்கக்கா." இருக்கலாம். ஆனா காரணத்தை அவனுங்க கையில எடுத்துக் குடுத்தது நான்.

ஜூலை 26, சனி

சாரல் விடலை. ரெண்டு லோடு காய்.

டவுன் டீம் குமரேசனை மட்டும் எடுத்திருக்கு. மத்த பசங்களை யாரும் கேக்கலை. பையோட ஸ்டோர் வாசல்ல வந்து நின்னான். திங்கக்கிழமைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பேசுறான்.

"போகட்டுமாக்கா?"

"போடா. இதுக்குத்தானே இத்தனை பாடு. முதல் மேட்ச்சுக்கு லீவு போட்டுட்டு வர்றேன்."

பையைத் தோள்ல மாட்டினான். ஜீப்பு ஹாரன் அடிச்சுட்டே இருக்கு.

"நீ பாக்க வராதக்கா."

கோவமாச் சொல்லலை. கெஞ்சுற மாதிரிதான் சொன்னான். சரிப்பான்னேன்.