அடுப்பு மேடையில் வைத்த போன்

வெள்ளிக்கிழமை. ஊரடங்கு இன்னும் எடுக்கவில்லை.

திண்டிவனத்தில் அப்பா தனியாக இருக்கிறார். விழுப்புரத்திலிருந்து நான் தினமும் போன் பண்ணுவேன். "சாப்ட்டேன், தூங்கனேன்" என்பார், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இன்றைக்குக் காலையில், "வைக்காதம்மா. ஸ்பீக்கர் போட்டு அடுப்பு மேடையில வெச்சுட்டு உன் வேலையப் பாத்துக்கினு இரு" என்றார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்."

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறந்தே போனேன். வெங்காயம் வதக்கினேன், பிள்ளைகளைத் திட்டினேன், வீட்டுக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். திடீரென்று போனிலிருந்து குரல்: "மூணு விசில் வந்துடுச்சும்மா, ஜல்தியா அணைச்சிடு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவ்வளவு நேரம் இந்த மனுஷன் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தார்? நாளெல்லாம் அதே யோசனை. ராத்திரி சாப்பிட்டதும் நானே கூப்பிட்டேன். "அப்பா, இப்ப நீங்க போனை அப்படியே வெச்சுட்டு உங்க வேலையப் பாருங்க. நான் கேக்கறேன்."

சரி என்று அணைக்காமல் அப்படியே வைத்தார். என் போனைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டேன். ஃபேன் சுற்றியது. பாத்திரம் உருளவில்லை, கதவு சாத்தும் சத்தம் இல்லை, யாரும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் ஃபேன்தான்.

அப்புறம், போனுக்கு வெகு பக்கத்தில் அப்பா குரல்: "இன்னாம்மா கேக்குது?"