உள்துணி கிழியாமல்

நாவுல,
5.9.1976

அன்பு மகன் மர்சூக்குக்கு, உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் மஸீனாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வாப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன மாதம் கடையில் மிளகுச் சாக்கைத் தூக்கும்போது அவருக்கு முதுகுக்கு நடுவே கீறிவிட்டது போல வலி. வாய்வு என்றுதான் இருந்தோம். மாத்தளையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

இருதயத்திலிருந்து இறங்கும் பெரிய இரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே இரத்தம் கசிந்து தங்கியிருக்கிறதாம். மெத்தை உறைக்கு உள்துணி வைத்துத் தைப்போமே, அந்த இரண்டு துணிக்கும் நடுவே ஈரம் ஊறினது போல என்று நான் விளங்கிக்கொண்டேன். உள்துணி இன்னும் கிழியவில்லை. கிழிந்தால் ஓடுகிற இரத்தம் உள்ளே பாய்ந்து சுவரை நீளத்துக்குப் பிளந்துவிடும், அப்புறம் தங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். பிரஷர் ஏறாமல் மூன்று வேளையும் மாத்திரை போட்டால் தானாக வற்றவும் கூடும். பாரம் தூக்கக்கூடாது, கோபம் கூடாது, திடுக்கிடவும் கூடாது.

வலி நின்றதும் நோன்பு பிடித்துவிட்டார். மாத்திரையை எண்ணினேன், பகல் மாத்திரை அப்படியே இருக்கிறது. நோயாளி நோன்பை விடலாம், ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் லெப்பை வந்து சொன்னார். "மாத்திரை கபுருக் குழிக்குள்ள கூட வருமா, நோம்புதான் வரும்" என்று இவர் சிரிக்கிறார். அவர் இருமினாலும் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்க்கிறேன்.

வாப்பா சம்மதிக்காத உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் நீ சொன்னால்தான் கேட்பார். உன்னைக் கண்டு கோபப்பட்டால் என்ன ஆகுமோ என்று பயம். வராமல் இருந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயம்.

நோன்பு திறக்கிற நேரத்தில் வாசலுக்கு வந்தவரை வாப்பா ஒருநாளும் திருப்பினதில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் யார் என்றே கேட்பார். அந்த நேரம் பார்த்து வா. ஸலாம் மட்டும் சொல். மன்னிப்புக் கேட்காதே, அழாதே, அவரையும் அழவைத்துவிடாதே. கஞ்சி குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொல், நாளைக்கு நோன்பை விடுங்கள் என்று.

மஸீனாவையும் கூட்டி வா. இன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே கஞ்சி காய்ச்சுகிறேன். அல்லாஹ் உங்களைச் சுகமாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் உம்மா,
உம்மு குல்தூம்