பூட்டுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

பத்துத் தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கலை. அதான் டிரைவர்கிட்ட இதைக் கொடுத்தனுப்பறேன்.

உன் வளர்ப்புக் கொட்டகைகள்ல பன்றிகள் மறுபடி இருமுது. "அக்கா போடற தடுப்பூசி தண்டம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறியாமே! ஊசியைக் குறை சொல்லாதே. இருமற கொட்டகைக்கு மட்டும் போடுன்னு நீதான் சொன்னே, வேண்டாம்டான்னு தலைதலையா அடிச்சுகிட்டேன். நோய் கொட்டகை கொட்டகையா உன்கிட்ட அனுமதி கேட்டுட்டா வரும்?

அதைவிடப் பெரிய கூத்து, வளராத குட்டிகளை நீயே தூக்கிட்டு வந்து, இன்னொரு தடவை பால் குடிக்கட்டும்னு என் பக்கம் தாய்ப் பன்றிங்ககிட்ட விடறது. அதுங்களோட சேர்ந்து நோயும் வருது. நேத்துப் பிறந்த குட்டிக்கு ஒட்டிக்குது. ஊசி என்ன செய்யும் பாவம்!

நான் கேக்கறது இதுதான். எல்லாத் தாய்க்கும் ஒரே நாள்ல ஊசி. தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி குறையற வயசுல குட்டிகளுக்கு ஊசி. கொஞ்ச காலம் வெளியிலிருந்து புதுப் பன்றி வேண்டாம். என் பக்கத்திலிருந்து போன குட்டி திரும்பி வரக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. கோபத்துல பட்டினி கிடக்காதே.

உன் அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு வணக்கம்.

நலம். நீங்க டாக்டர், நான் வெறும் பண்ணைக்காரன்தான். அதுக்காகப் போன வாரம் வேலையாளுங்க முன்னாடி என்னை அந்த விளாசு விளாசணுமா?

நோஞ்சான் குட்டியை அதே வயசுக் குட்டிகளோட விட்டா நெருக்கித் தள்ளியே கொன்னுடும். கண்ணால பாத்துட்டுச் சும்மா இருக்க என்னால முடியாது. உங்களுக்கு அது கணக்கு, எனக்கு அது உயிர்.

வேற டாக்டர் பேசிட்டேன். நீங்க ஓய்வெடுங்க.

தம்பி

மார்ச் 8

தம்பி,

என்ன திடீர்னு "நீங்க"? மரியாதை நெஞ்சை அடைக்குது.

ஓய்வாவது ஒண்ணாவது! தாய்க் கொட்டகைகளை அப்பா என் பேர்லதான் எழுதினார், மறந்துட்டியா? உன் டாக்டர் உன் பக்கம் என்ன வேணா செய்யட்டும். இன்னிக்கு என் பக்கம் அத்தனை தாய்க்கும் ஊசி போட்டாச்சு. கை வீங்கிக் கிடக்கு, பரவாயில்லை.

நம்ம ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற கம்பிக் கதவுக்குப் பூட்டும் போட்டாச்சு. சாவி என் இடுப்புல. நோஞ்சான்களுக்கு உன் பக்கத்துலயே தனி அறை ஒதுக்கு. விளக்கு, பால் மாவு எல்லாம் நான் தரேன். வந்து புட்டியிலயும் ஊட்டறேன். ஆனா அதுல ஒண்ணு இந்தப் பக்கம் வராது.

அக்கா

ஏப்ரல் 2

நீ அனுப்பின பால் மாவு மூட்டையை நான் தொடலை. உன் பிச்சை எனக்கு வேண்டாம்.

பூட்டை உடைங்கடான்னேன். ஒருத்தனும் அசையலை. எல்லாரும் உன் ஆளுங்க.

நேத்து நானே வந்தேன், நடுங்கற குட்டியைச் சட்டைக்குள்ள போட்டுகிட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்னுட்டிருந்தே. "அக்கா, இது ஒண்ணு மட்டும்"னு கெஞ்சினேன். நான் உன்கிட்ட கெஞ்சினது அதுதான் முதல் தடவை. நீ திறக்கலை.

அது என் கையிலயே செத்துப்போச்சு. இனி என் முகத்துல முழிக்காதே.

ஜூன் 11

தம்பிக்கு,

முழிக்காதேன்னே. முழிக்கலை. எழுதாதேன்னு சொல்லலையே!

அன்னிக்கு எனக்கு வலிக்கலைன்னு நினைக்கிறியா? நீ போனப்புறம் தீவனக் கிடங்குல உக்காந்து வாய்விட்டு அழுதேன். அழுதுட்டு வந்து பூட்டை இழுத்துப் பாத்தேன், சரியா விழுந்திருக்கான்னு. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். நாளைக்கே இன்னொரு குட்டியோட வந்து நின்னாலும் திறக்க மாட்டேன். கல்நெஞ்சுக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கோ.

உன் டாக்டர் இன்னமும் இருமற கொட்டகைக்கு மட்டும்தான் ஊசி போடறாராம். நல்லா இருக்கட்டும்.

ஊசிக்கு அப்புறம் பிறந்த குட்டிகள் இங்கே வரிசையா வளருது. நீ என்னைப் பாக்க வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து, கண்ணை மூடிட்டு, காதை மட்டும் கொடு. எவ்வளவு நேரம் வேணா நில்லு.

ஒரே ஒரு இருமல் கேட்டுதுன்னா சொல்லு, சாவியை உன் கையில கொடுத்துட்டு நான் போயிடறேன்.

அக்கா