கொடுக்கலாகாது

மார்ச் 4, செவ்வாய்

இதய நோய் பேப்பர் முடிந்தது. நர்சிங் படிப்பில் எல்லோரும் பயப்படுகிற பேப்பர். விடுதி வரும்வரை பிள்ளைகள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. “நோட்ஸ்காரி புண்ணியத்துல பாஸு.” உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனைக்கும் நான் செய்வது என்ன? வகுப்பில் போன் பதிவு செய்கிறது, செயலி அதை எழுத்தாக்குகிறது. நான் தலைப்புப் போட்டு, வண்ணம் அடித்து, குழுவில் போடுகிறேன்.

அறைத்தோழி நெட்டைக்கு மட்டும் முகம் சரியில்லை. மறதியில் போனோடு தேர்வறைக்குப் போயிருக்கிறாள். பாதித் தேர்வில் மேற்பார்வையாளர் பார்த்து, வாங்கி வைத்து, பெயரை எழுதிக்கொண்டாராம். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடி” என்றேன்.

மார்ச் 11

இதய நோய்ப் பாடம் எடுக்கிற செந்தமிழ் மேடம் விடைத்தாள் கட்டோடு வந்தார். வீட்டிலும் இலக்கணத்தோடுதான் பேசுவாரோ என்று நாங்கள் கேலி செய்கிற மேடம். இன்று யாரும் சிரிக்கவில்லை.

“முப்பத்தேழு பேர். ஒரே வாக்கியம், ஒரே பிழை. எவரைப் பார்த்து எவர் எழுதினீர்கள்?”

வாசித்தும் காட்டினார். ‘நாடித்துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரையைக் கொடுக்கலாம்.’ கொடுக்கவே கூடாதாம். துடிப்பு இன்னும் இறங்கி ஆளே போய்விடலாமாம்.

அது என் நோட்ஸ் வாக்கியம். வண்ணம் அடித்ததுகூட நினைவிருக்கிறது.

மார்ச் 12

பழைய பதிவைத் தேடிக் கேட்டேன். மேடம் தெளிவாகத்தான் சொல்கிறார்: “கொடுக்கலாகாது.” செயலிக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ‘கொடுக்கலாம்’ என்று எழுதிவிட்டது.

யாரு இந்தக் காலத்துல ‘லாகாது’ன்னு பேசுறா? — அவங்க பேசுறாங்க. நான் முதல் பெஞ்சுலதான இருந்தேன். எனக்கு ஏன் கேக்கல?

வார்டுல யாராவது நிஜமாவே குடுத்திருந்தா?

மார்ச் 13

நெட்டையை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போன் பிடிபட்டது அவளிடம்தானே, அவள்தான் விடையைப் பரப்பினாள் என்கிறார்கள். போனில் ஒன்றும் இல்லையே என்றால், அழித்திருப்பாய் என்கிறார்களாம். முடிவானால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

குழுவில் இருந்த நோட்ஸை யாரோ நீக்கிவிட்டார்கள். வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அனுமதியில்லாமல் பாடத்தைப் பதிவு செய்வது குற்றம். சொன்னால் என் பேப்பர் போகும், மருத்துவமனைப் பயிற்சியும் போகும்.

“உன் பேரை நான் சொல்ல மாட்டேன். நீயா போய்ச் சொல்லிடு” என்றாள் நெட்டை.

நாளைக்கு என்றேன்.

மார்ச் 14

போகவில்லை. நெட்டை பேச்சை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 17

மேடம் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். சீ.

மார்ச் 19

நெட்டையின் அப்பா வந்திருந்தார். விடுதி அலுவலகத்தில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

“நல்லாயிருக்கியாம்மா? கூடவே இருக்கற பொண்ணு நீ. இவ அப்படி செய்யறவளா, சொல்லு.”

“இல்லப்பா.”

“அதைத்தாம்மா நானும் சொல்லிட்டு இருக்கேன்” என்றார். எனக்கு நன்றி வேறு சொன்னார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். போனை மேசைமேல் வைத்து அந்த இடத்தை ஓடவிட்டேன். மேடம் மூன்று முறை கேட்டார். பிறகு செயலி எழுதியதைப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேனே. நீ அங்கேதானே இருந்தாய்?”

“இருந்தேன் மேடம்.”

 

மார்ச் 24

நெட்டை மேல் தவறில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மறுதேர்வு. எனக்கு அந்தப் பேப்பர் பூஜ்யம். பயிற்சி அடுத்த வருடப் பிள்ளைகளோடு.

நெட்டை மூன்றாம் மாடிக்கு அறை மாறுகிறாள். நானும் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. திருப்பத்தில், “பாத்து, கை சுவத்துல இடிக்கப் போகுது” என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.