விமானி மயங்கிவிட்டால்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். முந்தைய கடிதங்களுக்குப் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கும் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. நானும் தலையாட்டுகிறேன்.

இன்று ஒரு வேடிக்கை. காட்டு ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகும் வழியில், விமானியான உங்கள் மாப்பிள்ளை மயங்கிவிட்டால், பக்கத்தில் இருக்கும் மனைவி என்ன செய்வாள்? அதற்கும் இங்கே மிஷன் விமானத் தளத்தில் பயிற்சி உண்டாம். பயிற்சியாளர் ஜெபம் செய்துவிட்டு என்னைச் சின்ன விமானத்தில் ஏற்றினார். மேலே போனதும், "நான் மயங்கிட்டேம்மா. இனி உன் பாடு" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அப்பா, எனக்குச் சைக்கிள்கூட வாங்கித் தராதவர் நீங்கள்!

ஓட்டும் கைப்பிடியை இறுக்கி இழுத்துவிட்டேன், விமானம் தலையைத் தூக்கியது. "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிம்மா" என்றார். பிடியைத் தளர்த்தினேன். மெல்ல ஆடிவிட்டுத் தானாகவே நேரானது! விமானம் விழத்தான் துடிக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவோ பறக்கத்தான் பார்க்கிறது. ஏன், எப்படி என்று கேட்டு அவரைத் துளைத்தெடுத்துவிட்டேன். "மயங்கினவன்கிட்ட இவ்வளவு கேள்வியா?" என்று சிரித்தார். தரையிறக்கும்போது மட்டும் அவர் கைகொடுத்தார்.

ஓடுபாதையோரம் காத்திருந்த உங்கள் பேத்தி ஓடிவந்தாள்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"ரொம்ப."

"அப்ப இனிமே போகமாட்டியா?"

"நாளைக்கே போவேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தாகிட்ட சொல்லிடாத, திட்டுவாரு" என்றாள்.

சொல்லிவிட்டேன். திட்டியாவது எழுதுங்கள், அப்பா.

உங்கள் சின்ன மகள்