துண்டுக்குள் போன கை

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணில் மகன் வீட்டில் மகாராணி மாதிரி இருக்கும் பேராச்சிக்கு, உன் மதீனா எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் நல்ல சுகம். அங்கே உன் மருமகள் உனக்குப் பயப்படுகிறாளா, நீ அவளுக்குப் பயப்படுகிறாயா என்று எழுதவும்.

ரயிலேறி வந்திருக்கலாமே, எதற்கு இந்தக் கோழிக்கிறுக்கல் என்பாய். நேரில் வந்தால் உன் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் கேட்க வந்ததைக் கேட்க மாட்டேன். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் வெங்காய மார்க்கெட்டை வாஷிக்கு மாற்றிய பிறகு, பழைய இடத்தில் பிழைத்தவர்கள் பேச்சையெல்லாம் டேப்பில் பிடித்துப் புத்தகம் போடுகிறாளே மாட்டுங்கா வைதேகி, உன்னிடம் வந்த அதே பெண், போன வாரம் என் வீட்டுக்கும் வந்தாள். நீ பேசியதைப் போட்டுக் காட்டினாள். யார் வீட்டு ஆடோ கத்துகிறது என்று நினைத்தேன். பிறகுதான் நீ என்று தெரிந்தது.

சேட்டுகள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் விலை பேசுவதை அழகாகச் சொல்லியிருக்கிறாய். பொம்பளைகள் அதற்குள் கை விடக் கூடாது என்று, தெருவில் கூறுகட்டி விற்கும் நாம் தரகனை அனுப்பி, அவன் சொன்ன விலைக்கு வாங்கி ஏமாந்ததையும் சொல்லியிருக்கிறாய். அதுவரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் சொன்னாய் பார், "நான்தான் முதல்ல சேட்டு விரலைப் பிடிச்சேன். மதீனா பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால நின்னா" என்று.

ஏட்டி, தூணுக்குப் பின்னால் நின்றது யார்? என் முந்தானையைச் சேட்டு கைமேல் போட்டு, துணியோடு சேர்த்து அவர் விரலைப் பிடித்தது நான். மார்க்கெட்டே கைகொட்டிச் சிரித்தது. நீ "வாட்டி போயிருவோம், வாட்டி போயிருவோம்" என்று என் சேலையை இழுத்தாய்.

பொழுது சாயும் முன்னே பேச்சு தாராவிக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அப்போது இதே தெருவில் இருந்த உன் வீட்டு வாசலில் நின்று, "நடுவுல துணி இருந்துச்சா, அதை மட்டும் சொல்லு தங்கச்சி" என்று கேட்டார். "நான் இன்னைக்கு மார்க்கெட்டுக்கே போகலண்ணே" என்று கதவைச் சாத்தினாய். அடுத்து வந்த பெருநாளுக்கு நான் ஆக்கிய சோற்றை அவர் தொடவில்லை. உன் புருஷன் அடிப்பானென்று பயந்து சொல்லிவிட்டாய் என்று நினைத்து, உன்னிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அவமானம் வந்தபோது நீ அங்கே இல்லை. இப்போது பெருமை வந்ததும் நீ மட்டும்தான் இருந்திருக்கிறாய்.

"அப்படியா ஆன்ட்டி?" என்று வைதேகி கேட்டாள். டீ ஆறுகிறது, குடி என்றேன். ஆனால் டேப்பை வீட்டுக்காரரும் கேட்டுவிட்டார். அவள் போனதும், "அப்ப நீ பிடிக்கவே இல்லையா?" என்கிறார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! ஆமாம், பிடிக்கவில்லை என்றால் எனக்கு இந்த வீட்டில் நிம்மதி. ஆனால் அது என் கை, பேராச்சி. அதை எப்படி இல்லை என்று சொல்வேன்?

வருகிற வெள்ளிக்கிழமை உன்னைப் போட்டோ எடுக்க வைதேகி கல்யாண் வருகிறாள். அதன் பிறகு புத்தகம் அச்சுக்குப் போய்விடுமாம். நல்ல சேலை கட்டிக்கொள். பல்லைக் காட்டாதே, போட்டோ பயந்துவிடும். அவள் கேட்கும் முன் நீயே உன் வாயால் நடந்ததைச் சொல்லிவிடு. நான் சொன்னால் அது சண்டை. அப்புறம் உன்னிடம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவேன்? இந்த வயதில் கிண்டலடிக்க வேறு யாரைத் தேடிப் போவேன்?

உனக்கும் உன் பேரப்பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும்.

இன்னும் உன் கூட்டாளியான
மதீனா பீவி