விளிம்பிலிருந்து ஒரு சாண்

ஆல்பனி
மார்ச் 9, 1997

அன்புள்ள லெனோர்,

நலம்தானே? இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. ஜனவரியில் கல்லூரி வாசலில் வழுக்கி விழுந்தேனே, அந்தத் தோள் இப்போது தேவலை. கரும்பலகையின் மேல்பாதியில் மட்டும் மாணவர்களை எழுதச் சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ‘கர்லூ’ படகை வாங்குவதாக இருந்தவர் பின்வாங்கிவிட்டார். அவர் அனுப்பிய ஆள் அதன் டெக்கை, அதாவது மேல்தளத்தை, முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாராம். வலப்பக்கம், ஏறும் இடத்துக்கு அருகே, காலடி அளவு இடம் மிதித்தால் அமுங்குகிறதாம். மேலும் கீழும் ஃபைபர் தகடு, நடுவில் பால்சா மரம் என்று கட்டிய டெக் அது. நடுவிலுள்ள மரம் நனைந்து மக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

படகை நிறுத்தியிருக்கும் யார்டிலிருந்து மெரில் கூப்பிட்டார். படகின் அடியிலுள்ள ஈயத்துக்காகத் தானே எடுத்துக்கொண்டு, மற்றதை அறுத்துப் போட்டுவிடுகிறாராம். “கெழவிக்கு இடுப்பு போயிருச்சும்மா. இனிமே எந்திரிக்க மாட்டா” என்றார்.

என் தம்பி ஆல்டன் ஏன் அந்தப் படகை உனக்கும் எனக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்தான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. உனக்கு எழுதியது நியாயம், நீ அவன் மனைவி. நான் அதில் ஏறப்போனது ஒரே ஒரு தடவை. அதுவும் தண்ணீரில் போய் விழுந்தேன். இப்போது அதை அறுக்க இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். சம்மதம் என்றால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ஹாரியட்


ராக்லண்ட்
மார்ச் 16, 1997

அன்புள்ள ஹாரியட்,

சம்மதம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

நேற்று ஏணி போட்டு ஏறி நானே தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் ‘டக் டக்’ என்கிறது. கெட்ட இடம் ‘தொப் தொப்’ என்கிறது. பல்லைத் தட்டித் தட்டியே இத்தனை வருஷம் பிழைத்தவளுக்கு இது தெரியாதா? சொத்தை விழுந்தால் பிடுங்கவும் செய்யலாம், சுரண்டி அடைக்கவும் செய்யலாம். எடுத்த எடுப்பில் பிடுங்குகிற பல் டாக்டர்களை எனக்குப் பிடிக்காது.

மேலிருந்து வெட்டினால் வேலை சுலபம். ஆனால் கால் வழுக்காமல் இருக்க வார்த்திருக்கும் சொரசொரப்பு போய்விடும், ஒட்டுப் போட்டது ஆயுசுக்கும் தெரியும். அதனால் கேபினுக்குள் மல்லாந்து படுத்துக் கீழிருந்து வெட்டப்போகிறேன். கேட்டதும் யார்டே சிரித்தது.

“மயக்க ஊசி போட்டாச்சா, டாக்டரம்மா?” என்றார் மெரில்.

“மேல் கடைவாய்ப் பல்லுதான் மெரில். கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.”

“வலிச்சா கையைத் தூக்கச் சொல்லுங்க.”

ஆல்டன் இருந்திருந்தால் அவனும் அவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பான். போன அக்டோபரில் அவன் போனதிலிருந்து வீட்டில் என்னைக் கிண்டல் செய்ய ஆளில்லை, ஹாரியட். ஜூனில் எல்லாப் படகும் தண்ணீரில் இறங்கும். அதுவரை எனக்கு அவகாசம் கொடு.

உன்,
லெனோர்


ஆல்பனி
மார்ச் 24, 1997

அன்புள்ள லெனோர்,

சரி, ஜூன் வரை. ஆனால் புள்ளியியல் கற்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓரிடத்தைத் தட்டிவிட்டு முழுப் படகையும் பற்றி முடிவு கட்டாதே. தள்ளித் தள்ளிச் சின்னத் துளை போட்டுப் பார். துருவல் காய்ந்து வருகிற இடம்தான் எல்லை.

வேலை முடிந்ததும் மெரில் அதன்மேல் நடந்து பார்க்கட்டும். அவர் சரியில்லை என்றால் நீ கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். உன் வாக்கை விட அவருடைய பூட்ஸை நம்புவேன்.

படகு போய்விட்டால் நமக்குள் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும்தான் மிஞ்சும். நீ அதை எழுதவில்லை, ஆனாலும் கடிதத்தில் இருந்தது. எனக்கும் அது தெரியாமல் இல்லை. அதற்காக மக்கிய மரத்தை வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

ஹாரியட்


ராக்லண்ட்
ஏப்ரல் 20, 1997

அன்புள்ள ஹாரியட்,

நீ சொன்னபடி துளை போட்டுப் போனேன். காலடி அளவு என்று எழுதினார்களே, அது நம் சாப்பாட்டு மேசை அளவு! கீழ்த்தகட்டை வெட்டி இறக்கியதும் பால்சா தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி என் மார்பில் விழுந்தது. வாடையைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிடும் நேரத்தில் கடிதம் பிரிக்கிறவள்.

சுரண்டி எடுத்துவிட்டு ஹீட்டர் வைத்து வாரக்கணக்கில் காய வைத்தேன். நேற்று புது பால்சாவில் எபாக்ஸிப் பசை தடவி, ஒரே பலகையாக மேலே அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. பெருமையாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அப்படியே என் முகத்தின்மேல் வந்து விழுந்தது.

கத்தினேன் போலிருக்கிறது, மெரில் ஓடி வந்தார். பலகை, தலைமுடி, தலையணை மூன்றும் ஒன்றாகியிருந்தன. கயிறு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்.

“ஒட்டச் சொன்னது மரத்த, டாக்டரம்மா. உங்கள இல்ல.”

“பேசாம வெட்டுங்க மெரில்.”

“எவ்வளவு வெட்டட்டும்?”

“காய்ஞ்ச முடி வர்ற வரைக்கும்.”

சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அழுதேன், படகுக்காக மட்டும் இல்லை. இப்போது என் தலை பள்ளிக்கூடப் பையனின் தலை மாதிரி இருக்கிறது. இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘விட்டுவிடு’ என்று நீ எழுதினால் இந்தத் தடவை விட்டுவிடுவேன்.

லெனோர்


ஆல்பனி
ஏப்ரல் 27, 1997

அன்புள்ள லெனோர்,

விடாதே.

இதை நான் எழுதுவது எனக்கே வியப்புதான். உன்னுடையது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பிடிவாதக்காரனோடு வளர்ந்தவள் நான். ஆல்டன் எதையும் ஆரவாரமாகத் தொடங்குவான், பாதி வேலையில் அவனுக்குப் பசிக்கும். நீ அப்படி இல்லை. அந்தக் கூண்டுக்குள் மல்லாந்து கிடந்து, ஒருவரும் பார்க்கப்போகாத அடிப்பக்கத்தை இவ்வளவு சுத்தமாகச் சுரண்டுகிறவளை நான் எங்கும் கண்டதில்லை. என் மாணவர்களைக் கேட்டுப் பார், நான் பாராட்டுவதில் எவ்வளவு கஞ்சம் என்று சொல்வார்கள்.

விழுந்ததற்குக் காரணம் எளியது. பசை இறுகுமுன் பலகையின் எடை இழுத்துவிட்டது. ஒரே பலகையாக வைக்காதே, கையகலத் துண்டுகளாக வை. ஒவ்வொன்றுக்கும் கீழே குச்சி முட்டுக் கொடு. இறுகிய பிறகு அடுத்தது. நேரமாகும். ஆனால் பல்வரிசையில் நீ அப்படித்தானே வேலை செய்கிறாய்?

கம்பளித் தொப்பி ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டாலும் போட்டுக்கொள்.

ஹாரியட்


ராக்லண்ட்
மே 18, 1997

அன்புள்ள ஹாரியட்,

பளீரென்ற அந்தத் தொப்பியைப் பார்த்து மெரில், “கலங்கரை விளக்கத்த நகர்த்தி வச்சிட்டாங்களா?” என்றார். கழற்றவே இல்லை நான்.

துண்டு துண்டாக வைத்தேன். ஒன்றும் விழவில்லை. தகட்டையும் திரும்ப ஒட்டி இழைத்தாயிற்று. நேற்று மெரில் தன் கனத்த பூட்ஸோடு மேலே நடந்தார். நின்றார். குதித்தார். முழங்காலிட்டு நாணயத்தால் தட்டினார். எல்லா இடத்திலும் ‘டக் டக்’. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “மோசமில்ல” என்றார். இந்த யார்டில் அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை. உன் நிபந்தனை தீர்ந்தது.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

சொத்தை எங்கே தொடங்கியது என்று தேடாமல் என்னால் இருக்க முடியாது. மரம் ஓரிடத்தில்தான் கன்னங்கரேலென்று இருந்தது, ஏறும் இடத்தில் இருந்த வெண்கலக் கைப்பிடிக்கு நேர் கீழே. அதன் திருகாணித் துளைகள் வழியாகத்தான் இத்தனை வருஷ மழையும் இறங்கியிருக்கிறது. கைப்பிடி படகோடு வந்ததல்ல. நீ தண்ணீரில் விழுந்தாயே, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆல்டன் வைத்தது.

“என்ன பண்றே?” என்று கேட்டேன்.

“ஹாரியட்டுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமில்ல, அதான் விழுந்துட்டா. அடுத்த தடவ வந்தா இதப் பிடிச்சுப்பா.”

“துளையில பசை தடவினியா?”

“அப்புறம் தடவிக்கலாம்.”

அவனுடைய ‘அப்புறம்’ உனக்குத் தெரியும். நீ விழுந்த அன்றைக்கு அவன் சிரித்ததை நீ மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவனும் மறக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கைப்பிடியைத் துலக்கி வைப்பான். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டால், “சொல்லாதே. தனக்காக வச்சதுன்னு தெரிஞ்சா வரவே மாட்டா” என்பான்.

இப்போது அது என் சமையலறையில், ஒரு தட்டில் கிடக்கிறது. “ஓட்ட இல்லாத டெக்குதான் நல்ல டெக்கு. மூடிப் பூசிடுங்க” என்கிறார் மெரில். சரியான யோசனைதான். பிடிக்க ஆளில்லாத கைப்பிடிக்காகத் துளை போடுவது முட்டாள்தனம். ஆகவே உன்னைக் கேட்கிறேன், ஹாரியட். மூடட்டுமா?

லெனோர்


ஆல்பனி
ஜூன் 1, 1997

அன்புள்ள லெனோர்,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தேர்வுத்தாள்கள் என்று சொல்லலாம். அவை போன வாரமே திருத்தி முடிந்துவிட்டன.

திருகாணித் துளையில் ஒழுகிய தண்ணீரை அன்பு என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். ஒழுங்காகப் பசை தடவியிருந்தாலும் அது அன்பாகத்தானே இருந்திருக்கும்? அவன் இருந்தால் இதை முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். பதிலுக்குச் சிரித்திருப்பான், அதே சிரிப்பு. அதைக் கேலி என்றே இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

மூடாதே.

நூலகத்தில் போய்ப் படித்தேன். துளையை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு, சுற்றியுள்ள மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழி நிறைய எபாக்ஸி ஊற்ற வேண்டும். அது கல்லான பிறகு அதன் நடுவில் திருகாணிக்குத் துளை. அப்படிச் செய்தால் மழை மரத்தைத் தொடவே தொடாது. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், ‘அப்புறம்’ என்ற பேச்சே வேண்டாம்.

அவன் வைத்த இடத்திலும் வேண்டாம். விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, அதற்கு மேல் உள்ளே போகாதே. என் தோள் பழையபடி எட்டாது.

ஜூன் 14, சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். நான் ஏறும்போது யார்டில் யாரும் சிரிக்கக் கூடாது என்று மெரிலிடம் சொல்லிவை. நீ சிரித்துக்கொள்ளலாம்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், பிடிப்பதற்கு முன் தட்டிப் பார்ப்பேன்.

உன்,
ஹாரியட்